பயறு வகை நிறைய இருந்தும் புல் மஞ்சளாவது ஏன்?

கேள்வி, 9 ஜூலை 2024

என் புல் நிலத்தில் அவரைக் குடும்பத்துச் செடிகளுக்குக் குறைவே இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் முயல் மசால் விதைத்தேன். தானாக முளைத்து வந்தவையும் ஏராளம். யூரியா தொட்டதே இல்லை. இந்தச் செடிகள் காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, இழுத்துப் பக்கத்துப் புல்லுக்கும் கொடுக்கும் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஆனால் கொழுக்கட்டைப்புல் வருடத்துக்கு வருடம் மெலிந்து மஞ்சளாகிறது. செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன், வேரில் முடிச்சும் இல்லை. இந்த நைட்ரஜன் கதையே மிகைப்படுத்தலா?

9 ஜூலை 2024, இரவு

பிடுங்கிப் பார்த்தேன் என்கிறீர்களே, தவறு அங்கேயே நடந்திருக்கலாம். வேர் முடிச்சு என்பது நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியா குடியிருக்கும் சின்ன உருண்டை, விரல் பட்டாலே உதிரக்கூடியது. செடியை இழுத்தால் ஆணிவேர் மட்டும் கையோடு வரும். முடிச்சு தாங்கிய சல்லிவேர்கள் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். நானும் இரண்டு வருடம் இப்படிப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, என் நிலத்தில் முடிச்சே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டியிருந்தேன்.

மழை விட்டு இரண்டு நாள் போகட்டும். மண் ஈரமாக இருக்கும்போது செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு அப்படியே தூக்குங்கள். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். மண் தானாகக் கரைந்து அடியில் இறங்கும், உலுக்க வேண்டாம். பிறகு வேரை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள்.

முடிச்சு தென்பட்டால் ஒன்றை நகத்தால் இரண்டாகக் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையோ வெள்ளையோ என்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியா உதவாத இனம்.

உங்கள் பெரிய கேள்விக்கு: கதை மிகையில்லை. பயறு வகையின் வேரிலிருந்து கசியும் தழைச்சத்தைப் பக்கத்துப் புல் எடுத்துக்கொள்ளும். மெதுவாகத்தான் நடக்கும், பொறுத்துப் பாருங்கள்.

10 ஜூலை 2024, காலை

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. படுத்த பிறகுதான் உறைத்தது. திருத்திவிடுகிறேன்.

முதலாவது நிறம். இளஞ்சிவப்பைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம், நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தம். முடிச்சுக்கு வயதாகும்போது இது சிதைந்து பச்சையாகி, அப்புறம் பழுப்பாகிறது. ஆகவே பச்சை என்றால் வேலை முடிந்த முடிச்சு. இனத்தின் மேல் பழி போட முடியாது. வெள்ளைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். முடிச்சு இன்னும் முதிராமல் இருக்கலாம். அல்லது செடி தரும் சர்க்கரையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதுவும் தராத இனம் குடியேறியிருக்கலாம். இரண்டு வாரம் விட்டு மறுபடி தோண்டினால் எது என்று தெரிந்துவிடும்.

அந்தச் சிவப்பு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக மாற்றும் நொதி நைட்ரஜனேஸ். ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுப்போகும். ஆனால் ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றக் குறைந்தது 16 ஏடிபி செலவாகிறது. ஏடிபி என்பது உயிரணு ஆற்றலைச் செலவழிக்கும் நாணயம் மாதிரி. அவ்வளவு ஆற்றலைத் திரட்ட பாக்டீரியா மூச்சுவிட்டே ஆகவேண்டும், அதற்கு அதே ஆக்சிஜன் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்குத் தேவையானதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நொதியின் பக்கம் ஆக்சிஜன் தனியே அலைய விடுவதில்லை. கிள்ளும்போது நகத்தில் ஒட்டும் அந்தச் சிவப்புச் சாறு இந்தக் காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தது.

இரண்டாவது தவறு பெரியது. "வேரிலிருந்து கசியும்" என்று எழுதினேன். உயிரோடு, நல்ல இலையோடு நிற்கும் செடியின் வேரிலிருந்து கசிவது கொஞ்சம்தான். 16 ஏடிபி கொடுத்து வாங்கியதைச் செடி சும்மா வழியவிடாது, தன் இலைக்கும் விதைக்கும்தான் அனுப்பும். புல்லுக்குப் போய்ச் சேர்வதில் பெரும்பங்கு மூன்று வழியில் போகிறது: மடிந்து மக்கும் வேரும் முடிச்சும், உதிர்ந்து மக்கும் இலை, மாடு தின்று கழிக்கும் சாணமும் சிறுநீரும். வேர்ப்பூசணம் வழியாகவும் கொஞ்சம் கடக்கிறது. ஆனால் பயறு வகையில் ஒரு பகுதி சாகவோ தின்னப்படவோ செய்யாமல் புல்லுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

அதனால் நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: அந்த நிலத்தை மேய்க்கிறீர்களா, அறுத்துக் கொண்டுபோகிறீர்களா?

11 ஜூலை 2024

அறுத்துக் கொட்டிலில் போடுகிறேன், சாணம் வேறு வயலுக்குப் போகிறது என்று பதில் வந்திருக்கிறது. விடையில் பாதி இதிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தீவனத்தின் புரத அளவை 6.25 ஆல் வகுத்தால் அதில் உள்ள தழைச்சத்து கிடைக்கும். புரதம் 10 சதம் என்றால் ஒரு டன் காய்ந்த தீவனத்தில் 16 கிலோ. ஹெக்டேருக்கு 5 டன் அறுத்து வெளியேற்றினால் 80 கிலோ வெளியே போகிறது.

வரவு என்ன? பயறு வகை நன்றாக வேலை செய்தால், தரைக்கு மேலே வளரும் ஒவ்வொரு டன் காய்ந்த எடைக்கும் சுமார் 20 முதல் 25 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடிக்கும். வேரில் இருப்பது தனி. அந்த 5 டன்னில் முயல் மசால் ஒரு டன்தான் என்றால் பிடித்தது 25 கிலோவுக்குள். வேரில் உள்ளதையும் சேர்த்துத் தாராளமாக 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40 வந்து 80 போனால் மிச்சம் 40ஐ மண்ணின் மக்குதான் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும். முதல் வருடம் தெரியாது. மூன்றாவது வருடம் புல் மஞ்சளாகும்.

புல்லுக்குத்தான் முதலில் அடி விழும், முயல் மசாலுக்கு இல்லை. மண்ணில் தழைச்சத்து வற்றும்போது காற்றிலிருந்து எடுக்கத் தெரிந்த செடி பச்சையாகவே நிற்கும், தெரியாத செடி வெளுக்கும். பச்சைச் செடி நடுவில் மஞ்சள் புல் நிற்கும் காட்சியே நைட்ரஜன் பிடிப்பு நடக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கதையே பொய்யோ என்று நீங்கள் கேட்டதுதான் என்னை இவ்வளவு எழுதவைக்கிறது.

11 ஜூலை 2024, மாலை

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: ஹெக்டேருக்கு 200 கிலோ பிடிக்கும் என்று எழுதியிருக்கிறதே, நீங்கள் 25 என்கிறீர்களே?

200 கிலோவும் உண்மைதான். குளிர்ச்சியும் ஈரமும் மாறாத இடத்தில் ரைகிராஸ் என்ற புல்லோடு வெள்ளைக் குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடி அடர்ந்து வளரும் மேய்ச்சலில் 100 முதல் 250 கிலோ வரை போகும். அங்கே குளோவர் மட்டுமே பல டன் விளைகிறது. டன்னுக்கு இவ்வளவு என்ற கணக்கை விட்டுவிட்டு ஹெக்டேர் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் குழப்பம். எப்போதும் செடியின் எடையிலிருந்து தொடங்குங்கள். செடி வளராத வருடத்தில் நைட்ரஜனும் வராது.

14 ஜூலை 2024

வேரைத் தோண்டிய படம் போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. முயல் மசால் வேரில் பக்கவேர் கிளம்பும் கவட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன உருண்டைகள்தான் முடிச்சு. பெரிதாக எதிர்பார்த்ததால் கண்ணில் படாமல் போயிருக்கும். குளோவர் முடிச்சு வேறு மாதிரி, குட்டி விரல்போல நீளமாக இருக்கும். நீளவாட்டில் பிளந்தால் நுனியில் வெள்ளை, நடுவில் சிவப்பு, வேரோடு ஒட்டும் அடியில் பச்சை. வளரும் பகுதியும் உழைக்கும் பகுதியும் ஓய்ந்த பகுதியும் ஒரே முடிச்சில் வரிசையாகத் தெரியும்.

மூன்றாவது படத்தில் இருப்பது முடிச்சு இல்லை, நூற்புழு வீக்கம் என்று நினைக்கிறேன். தேய்த்துப் பாருங்கள். முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் கழன்று வரும். நூற்புழு வீக்கம் வேரே பருத்தது, கழலாது.

அப்புறம் நாலாவது படம். அந்தச் செடியைக் கொஞ்சம் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். மூன்று ஜோடி இலை, மஞ்சள் பூ, அரிவாள் மாதிரி வளைந்த ஒல்லிக் காய். எனக்கு ஒரு சந்தேகம்.

15 ஜூலை 2024

சந்தேகம் சரிதான். அது தகரை.

"தானாக முளைத்த அவரைக் குடும்பத்துச் செடிகள் ஏராளம்" என்று எழுதினீர்களே, அந்த ஏராளத்தில் பெரும்பகுதி இதுதான் போலிருக்கிறது. தகரை அவரைக் குடும்பம்தான், அதில் பிழையில்லை. ஆனால் அது முடிச்சு போடாது. ஆவாரையும் போடாது. சரக்கொன்றையும் போடாது. இந்தக் கூட்டத்தையே எத்தனை முறை தோண்டினாலும் வேர் மொழுமொழுவென்றுதான் இருக்கும். அவரைக் குடும்பத்தில் பிறந்த எல்லாமே நைட்ரஜன் பிடிக்கும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் நிலத்தில் இது இரட்டை நஷ்டம். தகரையை மாடு விரும்பித் தின்னாது. அதன் இலை கரும்பச்சையாக இருக்கிறதே என்கிறீர்கள், அந்தப் பச்சை மண்ணிலிருந்து எடுத்தது, புல்லோடு போட்டி போட்டு எடுத்தது. பூத்துக் காய்ப்பதற்குள் வெட்டி அங்கேயே மக்கப் போடுங்கள். விதை விழுந்துவிட்டால் பல வருடம் மண்ணில் காத்திருந்து முளைக்கும்.

நேர்மாறாக, எல்லோரும் களை என்று திட்டும் தொட்டாற்சிணுங்கி முடிச்சு போடும். அதிலும் ஒரு விசேஷம் உண்டு. முடிச்சு என்றாலே ரைசோபியம் என்ற பாக்டீரியாவும் அதன் நெருங்கிய உறவுகளும்தான் என்று நூறு வருடத்துக்கும் மேல் எண்ணியிருந்தார்கள். தொட்டாற்சிணுங்கியின் முடிச்சில் முற்றிலும் வேறு வகுப்பைச் சேர்ந்த பாக்டீரியா இருப்பது 2001இல்தான் வெளிவந்தது. கப்ரியாவிடஸ் தைவானென்சிஸ் என்று இப்போது அதற்குப் பெயர். புல்லுக்கு நடுவே காலில் குத்திக்கொண்டு கிடந்த செடிக்குள் அது இத்தனை காலம் இருந்திருக்கிறது.

21 ஜூலை 2024

"முடிச்சு இருக்கிறது, சிவப்பாகவும் இருக்கிறது, ஆனால் உண்மையிலேயே காற்றிலிருந்து எடுத்தது என்று யாருக்குத் தெரியும்?" என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. இந்தச் சந்தேகம் தீர ஐம்பது வருடம் ஆனது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1838இல் பிரான்சில் பூசங்கோ என்ற வேதியியலாளர், குளோவரும் பட்டாணியும் வளர வளர அவற்றில் உள்ள நைட்ரஜன் கூடுகிறது, கோதுமையில் கூடுவதில்லை என்று எடைபோட்டுக் காட்டினார். எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1857, 1858இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் லாஸ், கில்பர்ட், பியூ மூவரும் இதைத் தீர்த்துவைக்கப் பார்த்தார்கள். வெளியிலிருந்து அம்மோனியா ஒரு துளிகூட வரக்கூடாது என்று செடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்த்தார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் கணக்கைக் கெடுக்கக்கூடாது என்று மண்ணைச் சுட்டுச் சுத்தம் செய்தார்கள். அவ்வளவு கவனம். விடை: பயறு வகை காற்றிலிருந்து எதையும் எடுப்பதில்லை.

மண்ணைச் சுட்டபோது அதிலிருந்த பாக்டீரியாவும் செத்துப்போனது. அப்படி ஒன்று இருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சோதனையைச் சுத்தமாகச் செய்ததாலேயே தவறான விடை வந்தது.

அடுத்த முப்பது வருடம் அந்த முடிவுதான் நின்றது. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் வெறும் மணலில் ஓட்ஸும் பட்டாணியும் வளர்த்தார்கள். ஓட்ஸ் ஒழுங்காக நடந்துகொண்டது. நைட்ரேட், அதாவது வேர் நேரே உறிஞ்சும் தழைச்சத்து, எவ்வளவு போட்டார்களோ அவ்வளவு வளர்ச்சி. பட்டாணி மட்டும் எந்தக் கணக்குக்கும் வரவில்லை. ஒரே மாதிரி வைத்த தொட்டிகளில் ஒன்று செழித்தது, பக்கத்துத் தொட்டி பட்டினியில் செத்தது. அந்த ஒழுங்கின்மையை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. விளையும் மண்ணைக் கரைத்துத் தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றினார்கள், பட்டாணி எழுந்தது. அதே நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினார்கள், எழவில்லை. எழுந்த செடியின் வேரில் எல்லாம் முடிச்சு இருந்தது. 1886இல் பெர்லினில் அறிவித்தார்கள், 1888இல் முழுதாக வெளியிட்டார்கள். அதே 1888இல் பெய்யெரிங்க் என்ற டச்சு ஆய்வாளர் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். அப்புறம் லாஸும் கில்பர்ட்டும் தங்கள் இடத்திலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்த்து, ஹெல்ரீகல் சொன்னது சரி என்று எழுதினார்கள்.

இன்றைக்கு எடைபோட வேண்டியதில்லை. நைட்ரஜனில் 14, 15 என்று இரண்டு எடைகள் உண்டு. காற்றில் கனமானது 0.3663 சதம். பெரும்பாலான மண்ணில் அதைவிட இம்மியளவு கூட. மண்ணை மட்டும் நம்பி வளரும் புல்லின் இலையில் மண்ணின் விகிதம் இருக்கும். முயல் மசால் இலையில் காற்றின் விகிதத்தை ஒட்டி வந்தால், அது காற்றிலிருந்து வாங்கியது. பக்கத்துப் புல்லையும் இதையும் ஒப்பிட்டு இத்தனை சதம் என்று சொல்லிவிடலாம்.

22 ஜூலை 2024

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி, மறந்துவிட்டேன். இப்படி அளந்ததில் வெளிவந்த ஒரு சேதி எனக்கே முதலில் நம்பக் கடினமாக இருந்தது. குளோவரைத் தனியாக வளர்த்தால் அது காற்றிலிருந்து எடுக்கும் பங்கு குறைகிறது. புல்லோடு கலந்து வளர்த்தால் கூடுகிறது, பல மேய்ச்சல்களில் 80 சதத்தையும் தாண்டுகிறது.

யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. மண்ணில் நைட்ரேட் கையெட்டும் தூரத்தில் இருந்தால் எந்தச் செடியும் 16 ஏடிபி செலவழிக்க நினைக்காது. முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும். புல்லின் வேர் அடர்த்தியானது, நைட்ரேட் தென்பட்டதும் முதலில் உறிஞ்சிவிடும். பயறு வகை வேறு வழியில்லாமல் காற்றின் பக்கம் திரும்புகிறது. உங்கள் நிலத்தில் முயல் மசாலை வேலை வாங்குவதே அந்த மெலிந்த கொழுக்கட்டைப்புல்தான். ஆகவே "புல்லை உழுதுவிட்டு முழுக்க மசாலே போட்டுவிடட்டுமா" என்ற உங்கள் யோசனை வேண்டாம்.

3 ஆகஸ்ட் 2024

யூரியா கொஞ்சம் போட்டால் இரண்டும் சேர்ந்து வளருமே என்று ஒருவர். கொஞ்ச நாள் வளரும். நீண்ட நாளில் என்ன ஆகும் என்பதற்கு ரோத்தம்ஸ்டெட்டின் பார்க் கிராஸ் புல்வெளியைப் பாருங்கள். 1856இல் தொடங்கிய சோதனை, இன்றும் நடக்கிறது. ஒரே புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே உரத்தை வருடாவருடம் போட்டு, காய்ந்த தீவனத்துக்கு அறுக்கிறார்கள். தழைச்சத்து தராமல் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டும் கொடுத்த துண்டுகளில் சிவப்புக் குளோவரும் மஞ்சள் பூ பூக்கும் காட்டுப்பட்டாணி இனம் ஒன்றும் நிறைந்து நிற்கின்றன. அம்மோனியம் சல்ஃபேட் கொடுத்த துண்டுகளில் பயறு வகை மறைந்துபோனது. சுண்ணாம்பு போடாத இடத்தில் மண் புளித்து, இரண்டு மூன்று புல் இனம்தான் மிச்சம். எதுவுமே போடாத துண்டில் இன்னும் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் ஏன் சொன்னேன் என்றால், அறுத்துக் கொண்டுபோகும் நிலத்தில் அவையும் சேர்ந்துதான் போகின்றன. சாம்பல் சத்துக்காகப் புல்லோடு மோதினால் பயறு வகை தோற்கும். இன்றைக்கு உங்கள் முயல் மசால் பச்சையாக இருக்கிறது. சாணத்தையோ அதற்கு ஈடானதையோ திருப்பிப் போடாவிட்டால் அடுத்து அதுவும் மெலியும்.

4 ஆகஸ்ட் 2024

அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரத்தைப் போட்டால் புல்லே நைட்ரஜன் பிடிக்குமே என்று ஒரு கேள்வி. பிரேசிலில் யோஹானா டோபரைனர் என்ற ஆய்வாளர் இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். பாஸ்பாலம் புல்லின் வேரோடு வாழும் அசோட்டோபாக்டர் பாஸ்பாலியை 1966இல் விவரித்தார், அப்புறம் அசோஸ்பைரில்லத்துக்கு வந்தார். புல்லின் வேர்ப்பரப்பில் நைட்ரஜன் பிடிப்பு நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே முடிச்சு இல்லை, சர்க்கரைக் குழாய் இல்லை, ஆக்சிஜனைக் காக்கும் சிவப்பு இல்லை. அதனால் அளவு சிறியது. செடி செழிப்பதில் ஒரு பங்கு அந்த பாக்டீரியா சுரக்கும் வேர் வளர்ச்சி ஊக்கியால் வருவது. போடலாம். 80 கிலோ பற்றை அது அடைக்காது.

18 ஆகஸ்ட் 2024

வேறொருவர் நிலத்து விஷயம். முடிச்சு நிறைய இருக்கிறது, எல்லாம் சின்னது, உள்ளே வெளிறிக் கிடக்கிறது, செடியும் மஞ்சள். ஈரம் இருக்கிறது, மணிச்சத்தும் கொடுத்தாயிற்று. மண் புளிப்பு என்றும் எழுதியிருக்கிறார்.

இது மாலிப்டினம் குறையாக இருக்கலாம். நைட்ரஜனேஸ் நொதியின் நடுவிலேயே இரும்போடு இந்த உலோகம் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாமல் நொதி இயங்காது. புளித்த மண் மாலிப்டினத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்கு விடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சூப்பர் பாஸ்பேட் போட்டும் எழாத குளோவர் மேய்ச்சல் நிலங்கள் இருந்தன. ஏக்கருக்குச் சில அவுன்ஸ் மாலிப்டினம் சேர்த்ததும் அவை எழுந்துகொண்டதை ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 1942இல் காட்டினார். அவுன்ஸ் கணக்குதான். சாக்குக் கணக்கில் உரம் போட்டுப் பழகிய கைக்கு இதை நம்புவது கடினம்.

ஆனால் அவசரப்பட்டு வாங்கிக் கொட்டாதீர்கள். மாலிப்டினம் கூடினால் மேயும் மாட்டின் உடலில் தாமிரம் குறைந்து நோய் வரும். முதலில் சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்தால், மண்ணிலேயே இருக்கும் மாலிப்டினம் பல இடங்களில் விடுபட்டு வந்துவிடும். ஒரு சின்னக் கட்டத்தில் மட்டும் செய்து பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். என்ன விதைத்தார் என்று அவர் சொல்லவில்லை. முயல் மசால் பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவோடு கூடிவிடும். குதிரை மசால் அப்படியில்லை. அதற்குத் தனி இனம் வேண்டும், அந்த இனத்துக்குப் புளித்த மண் ஆகாது. வேலி மசாலுக்கும் தனி இனம்தான். முதன்முறை விதைக்கும் நிலமாக இருந்தால், அந்தந்தப் பயிருக்கு உரிய நுண்ணுயிர்ப் பொட்டலத்தை ஈரமாக விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தினால் பூசியதெல்லாம் வீண்.

1 செப்டம்பர் 2024

அறுப்பைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. செடியை ஒட்ட அறுத்த சில மணி நேரத்திலேயே முடிச்சு வேலையைக் குறைத்துவிடும். இலை இல்லை, சர்க்கரை வரவில்லை. தொடர்ந்து பட்டினி போட்டால் சிவப்பு பச்சையாகி, ஒரு பகுதி முடிச்சும் சல்லிவேரும் மடியும். புல்லுக்கு அதுதான் தீனி. இலை திரும்ப வந்ததும் வேலையும் திரும்பும், இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் மறுபடி ஒட்ட அறுத்தால் செடி பிடிக்கவே நேரம் இருக்காது. என் நிலத்தில் கணுக்கால் உயரம் விட்டு அறுக்கத் தொடங்கிய பிறகுதான் மசால் பருவம் முழுக்க நின்றது.

6 அக்டோபர் 2024

சாணத்தைத் திருப்பிப் போடத் தொடங்கிவிட்டதாகவும், நிலத்தில் பாதியை மேய்ச்சலுக்கு விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தின்னும் தழைச்சத்தில் 75 முதல் 90 சதத்தை மாடு வெளியே விட்டுவிடுகிறது, அதனால் மேயும் பாதியில் இழப்பு வெகுவாகக் குறையும். ஆனால் சீராக வராது. ஒரு மாடு சிறுநீர் விட்ட இடத்தில் ஹெக்டேருக்கு 500 முதல் 1000 கிலோ வீதம் விழுகிறது, ஒரு சின்ன இடத்தில். அவ்வளவையும் புல்லால் குடிக்க முடியாது. கொஞ்சம் அமோனியாவாகப் பறக்கும், கொஞ்சம் நைட்ரேட்டாகி மழையில் இறங்கிப் போகும். மாடு ஒரே நிழலில் படுத்தால் உங்கள் நைட்ரஜன் எல்லாம் அந்த மரத்தடிக்குப் போய்விடும். தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

புல் தேறத் தொடங்கியதும் மசால் குறைகிறதே என்று பதறாதீர்கள். தழைச்சத்து கிடைத்த புல் உயர்ந்து நிழல் கட்டும், மசால் பின்வாங்கும். மண்ணில் தழைச்சத்து இறங்கியதும் புல் தளர்ந்து மசால் திரும்பும். குளோவர் மேய்ச்சலில் இந்த ஏற்ற இறக்கம் சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து போவது வழக்கமாகப் பார்த்தது. மசால் அடியோடு காணாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

7 அக்டோபர் 2024

அடியோடு காணாமல் போவது என்றதும் நினைவுக்கு வந்தது. நியூசிலாந்தில் 1996இல் குளோவர் வேர்க் கூன்வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் இளம் புழு நேரே முடிச்சுக்குள் புகுந்து அதைத்தான் முதலில் தின்கிறது. குளோவரை நம்பி இருந்த மேய்ச்சல்கள் தளர்ந்தன, யூரியா கொட்ட வேண்டிவந்தது. 2006இல் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னக் குளவியை விட்டார்கள். அது வண்டுக்குள் முட்டையிட்டு வண்டை மலடாக்கிக் கொல்கிறது. பரவியும்விட்டது. உங்கள் வேரைக் கழுவும்போது உள்ளே கூடாகிப்போன முடிச்சு ஏதாவது இருந்தால் படம் போடுங்கள்.

16 பிப்ரவரி 2025

நான்கு மாதம் கழித்து வருகிறேன். மேய்ந்த பாதியில் புல் கருத்துவிட்டது, அறுக்கும் பாதி இன்னும் வெளிறியே இருக்கிறது, தகரை வெகுவாகக் குறைந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். அறுக்கும் பாதிக்கு இன்னும் ஒரு வருடம் கொடுங்கள். எடுத்தது மூன்று வருடம் அல்லவா.

என் நிலத்தில் நேற்று ஒரு காரியம் செய்தேன். சிறுநீர் விழுந்த கரும்பச்சைத் திட்டு ஒன்றின் நடுவில் ஒரு மசால் செடியையும், திட்டுக்கு வெளியே நாலடி தள்ளி இன்னொன்றையும் மண்ணோடு தூக்கி, இரண்டு வாளியில் ஊறப் போட்டேன். உள்ளே இருந்த செடி உயரம், இலை அகலம், ஆனால் வேரில் முடிச்சு எண்ணிக்கையில் குறைவு. கிள்ளினால் வெள்ளையும் பச்சையும்தான், ஒன்றில்கூடச் சிவப்பில்லை. வெளியே இருந்தது குட்டைச் செடி. கவட்டுக்குக் கவடு உருண்டை, கிள்ளக் கிள்ள நகமெல்லாம் சிவப்பு.

திட்டின் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன். பச்சை வெளுக்கத் தொடங்கியதும் உள்ளே மறுபடி தோண்டி, எத்தனை நாளில் சிவப்பு திரும்பியது என்று இங்கே எழுதுகிறேன்.